கொன்றவள் மூதாட்டி, மாண்டவர் யார்?



மூதாட்டி கொலையாளியாக வரும் நகைச்சுவைக் குற்றப்புனைவைப் பற்றிப் பேச ஓர் ஆய்வரங்கம் கூடியிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ரயிலில் படித்துவிட்டு மறந்துபோகும் கதைகள் என்று இவற்றை ஒதுக்கும் வழக்கம் நம் துறைகளில் இன்னும் போகவில்லை. போக வேண்டும். நாம் எல்லோரும் கொலைகாரியைப் பற்றியே பேசுகிறோம். மாண்டவர் யார் என்று கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்க விரும்புகிறேன்.

ஜோசப் கெஸல்ரிங்கின் ‘ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ நாடகம் 1941 ஜனவரியில் நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறி 1,444 காட்சிகள் ஓடியது. ஃபிராங்க் காப்ரா இயக்கிய படம் 1944இல் வெளிவந்தது. புரூக்ளினில் ஒரு பழைய வீடு. ஆபி, மார்த்தா என்ற வயதான சகோதரிகள், தங்க இடம் தேடி வரும் நாதியற்ற கிழவர்களுக்கு எல்டர்பெர்ரி ஒயினில் நஞ்சு கலந்து கொடுக்கிறார்கள். தன்னை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் என்று நம்பும் அண்ணன் மகன் டெடி, நிலவறையில் பனாமா கால்வாய் வெட்டுவதாக நினைத்துக் குழி தோண்டுகிறான். பிணங்கள் அங்கே போகின்றன. ஜன்னலோர இருக்கைப் பெட்டிக்குள் கிடப்பவர் பன்னிரண்டாவது ஆள். பெயர் ஹாஸ்கின்ஸ், மெதடிஸ்ட் சபைக்காரர். அதற்கு மேல் கொன்றவர்களுக்கே ஒன்றும் தெரியாது. சபை தெரிந்தால் போதும், ஜெபத்தோடு அடக்கம் செய்துவிடலாம். அந்த வாஞ்சைதான் அரங்கைச் சிரிக்க வைக்கிறது.

நாடகத்துக்கு வித்திட்ட நிஜ வழக்கில் சிரிக்க ஒன்றுமில்லை. கனெக்டிகட் மாநிலத்து விண்ட்சர் ஊரில் முதியோர் இல்லம் நடத்திய ஏமி ஆர்ச்சர்-கில்லிகன் 1916இல் கைதானார். அப்போது அவர் நாற்பதுகளில் இருந்தார். ஆயுள் முழுக்கப் பராமரிப்பதற்கென்று ஒரே தொகையை முன்பணமாக வாங்கும் வழக்கம் அந்த இல்லத்தில் இருந்தது. கட்டியவர் சீக்கிரம் போய்விட்டால் செலவும் மிச்சம், அடுத்தவருக்குக் கட்டிலும் காலி. எலிக்கென்று சொல்லி ஆர்செனிக் வாங்கப்பட்டது. கெஸல்ரிங் கொலையாளியின் வயதைக் கூட்டினார். பணத்தை எடுத்துவிட்டுக் கருணையை வைத்தார். மாண்டவர்களை மட்டும் மாற்றவில்லை. விண்ட்சரிலும் புரூக்ளினிலும் செத்தவர்கள் பெரும்பாலும் ஒண்ட வீடில்லாத முதியவர்களே. நாடகத்தின் மிகக் கூர்மையான இடம் இது என்பது என் எண்ணம். விமர்சகர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

இனி ஸ்வீடனுக்கு வருவோம். ஹெலன் டூர்ஸ்டென் செவிலியாகவும் பல் மருத்துவராகவும் பணியாற்றிவிட்டு எழுத வந்தவர். மாட் என்ற மூதாட்டியைப் பற்றிய அவருடைய கதைகள் 2018இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. கோத்தன்பர்க் நகரில் வாடகையில்லாத பெரிய அடுக்ககத்தில் தனியே வாழும் 88 வயதுக்காரி மாட். இங்கே சாவு திசை மாறுகிறது. அவள் வீட்டின் மீது கண் வைத்த இளைய கலைஞர், மனைவியை அடிக்கும் அண்டை வீட்டுக்காரன் என்று, வலுவுள்ளவர்களே மாள்கிறார்கள். போலீஸ் வந்து கேட்டால் மாட் காது கேளாதவளாக, நினைவு தப்பியவளாக இருந்துவிடுகிறாள். அதிகாரிகளும் நம்பிவிடுகிறார்கள். கிழவி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று அவர்கள் வரும்போதே முடிவு செய்தாயிற்று. அவளை நீதி கேட்கும் வீராங்கனையாக்க வேண்டாம். அவள் காப்பது தன் நிம்மதியை மட்டுமே. பெண்ணியத் துணிவின் சின்னமாக அவளைப் புகழும் வாசிப்புகளை நான் ஏற்கவில்லை.

முதியவர்களை யாரும் கவனிப்பதில்லை. புரூக்ளினில் அந்தப் புறக்கணிப்பு அவர்களைக் கொன்றது. கோத்தன்பர்க்கில் அதே புறக்கணிப்பு ஒரு கிழவியைத் தப்பவிடுகிறது.

கட்டுரை வாசிக்கவிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொலைகாரியின் சாமர்த்தியத்தை விவரிக்கும் அளவுக்கு, அவள் கையால் மாண்டவரின் வயது, வீடு, வருமானம், தேடி வந்த உறவு ஆகியவற்றையும் எழுதுங்கள். ஹாஸ்கின்ஸ் யார் என்று நாமாவது கேட்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.