பெருங்குடற் புற்றுநோயும் கலங்களின் தூதுவரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



குடலைப் பற்றி மேடையிற் பேசுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நாமும் முதலில் தயங்கினோம். ஆயினும், 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேரிடம் புதிதாகக் காணப்பட்டு, 9 இலட்சம் பேரின் உயிரையும் கொண்டுபோன ஒரு நோயை வெட்கத்தின் பொருட்டுப் பேசாதொழிவது முறையன்று.

புற்றுநோயை வெளியிலிருந்து வந்து குடியேறும் பகையென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பெருங்குடலிலோ, நமது சொந்தக் கலங்களே கட்டளை தவறி நடப்பதால் அது விளைகின்றது.

குடலின் உட்படலம் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றது. அதிலுள்ள நுண்குழிகளின் அடியில் இருக்கும் தாய்க்கலங்கள் ஓயாது பிரிகின்றன. “பிரிக” என்று அவற்றுக்குக் கட்டளை கொணரும் தூதுவனே வின்ற் என்னும் புரதம். இதன் பெயருக்கு ஒரு கதையுண்டு. 1982 இல் நூசே, வாமஸ் என்னும் இருவர் எலியின் மார்பகக் கட்டியில் ஒரு பரம்பரையலகைக் கண்டனர். பழுதுற்றால் பழ ஈயைச் சிறகில்லாமற் பிறக்கச் செய்யும் பரம்பரையலகின் இணையே அது என்பது 1987 இல் தெரியவந்தது. ஈக்குச் சிறகு அமைப்பதும் நமக்குக் குடலைப் புதுக்குவதும் ஒரே குடும்பத்துத் தூதுவர்!

வின்ற் வந்ததும், கலத்தினுள் இருக்கும் பீற்றா கற்றெனின் என்ற புரதம் கருவினுட் புகுந்து, பிரிவுக்கு வேண்டிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது. தூது வராத வேளையில் ஏ.பி.சி. என்னும் காவற்புரதம், வேறு சிலவற்றோடு கூடி, பீற்றா கற்றெனினைப் பிடித்து அழிவுக்கு ஒப்புவிக்கின்றது. இக்காவலனின் பரம்பரையலகு 1991 இற் கண்டறியப்பட்டது. பெருங்குடற் புற்றுக்களில் ஐந்தில் நான்கு பங்களவில் அது பழுதுற்றிருக்கின்றது. காவலன் வீழ்ந்தால், தூதுவன் வராமலே கட்டளை ஒலித்துக்கொண்டிருக்கும். குடற்சுவரில் சிறு தசைமுளையொன்று தோன்றும். அவ்வலகின் ஒரு பிரதியைப் பிறப்பிலேயே பழுதாகப் பெற்றவர்க்கு இளமையிலேயே நூற்றுக்கணக்கில் தோன்றும்.

முளை உடனே புற்றாவதில்லை. பெரும்பாலும் பத்தாண்டளவு செல்லும். அதற்கிடையில் வேறு பழுதுகள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்கின்றன. அவற்றுள் ஒன்று கே-ராஸ் என்னும் புரதத்திலே. கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் பெறும் வளர்ச்சிக் கட்டளையை உள்ளே கடத்தும் ஆளி அது. பழுதுற்றால், ஆளி போட்டபடியே இறுகிவிடுகின்றது.

இனி, பரவுதல். ரீ.ஜீ.எவ். பீற்றா என்ற புரதம் தொடக்கத்தில் கலப்பிரிவை அடக்கி நமக்கு நன்மை செய்கின்றது. கட்டி முற்றியபின்னோ, அதுவே கலங்களின் ஒட்டுப்பிடிப்பைத் தளர்த்தி அவற்றை அலையத் தூண்டுகின்றது. வீ.ஈ.ஜீ.எவ். என்பது புதிய குருதிக்குழாய்களைக் கட்டியினிடம் அழைக்கின்றது. புண் ஆறும்போது நமக்கு உதவுவனவும் இவையே! பெருங்குடலின் குருதி பெரும்பாலும் முதலில் ஈரலுக்கே செல்வதால், கழன்ற கலங்கள் அங்கேயே மிகுதியாகக் குடிபுகுகின்றன.

2004 இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென வழக்குக்கு வந்த செற்றுக்சிமாப் என்னும் மருந்து, மேற்சொன்ன வாங்கிகளுள் ஒன்றை அடைப்பது. சிலருக்குப் பயன் தந்தது, பலருக்குத் தரவில்லை. காரணம் 2008 அளவில் தெளிந்தது. நோயாளரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் கே-ராஸ் பழுதுற்றிருந்தது. உள்ளே ஆளி இறுகிக் கிடக்க, வாயிலை அடைத்து என் பயன்? அதுவரை வீணே அம்மருந்தின் தோற்கொப்புளங்களைத் தாங்கியவர்களை நினைக்க நெஞ்சு கனக்கின்றது. இன்று கட்டியைச் சோதித்த பின்னரே அம்மருந்தைத் தொடங்குகின்றனர்.

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. மலத்தோடு குருதி கண்டால், “மூலவியாதி” என்று சொல்லிக் கைமருந்தோடு மாதக்கணக்கில் இருந்துவிடுகின்றோம். மூலமாகவும் இருக்கலாம்; ஆனால் குருதியைப் பார்த்த மாத்திரத்தில் அதனைத் துணிய இயலாது. உட்குழாய் செலுத்திப் பார்க்கும் வைத்தியர், முளையைக் கண்டால் பெரும்பாலும் அப்பொழுதே அகற்றிவிடுவார். இளைஞர்களே, உங்கள் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்திருப்பின், வைத்தியரிடம் மறையாது சொல்லுங்கள். அத்தகையோருக்கு 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்ட வயதிற்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது சோதனை தொடங்குவது பல நாடுகளில் வைத்தியர் கைக்கொள்ளும் முறை.