உப்புக் கணக்கை விட்டு அரங்கேறிய சங்கரதாச சுவாமிகள்



வள்ளி திருமண நாடகம் பாண்டி நாட்டினர்க்கும் புதுக்கோட்டைச் சீமையார்க்கும் புதியதன்று. கோயில் திருவிழாக்களிலே குடியானவர்கள் பாய் விரித்தமர்ந்து, விடியுமளவும் கண் துஞ்சாது கேட்கும் நாடகம் அது. தினைப்புனங் காக்கும் வள்ளியும், வேடனாய் வந்து வழக்காடும் வேலனும், இடையே நின்று கலகம் விளைக்கும் நாரதரும் அவர்கட்கு அயலார் அல்லர். அந்நாடகத்தை யாத்தவர் தூத்துக்குடி சங்கரதாச சுவாமிகள் எனப் பெயரளவிற் சொல்வார் பலர். எதனை விட்டு அவர் அரங்கேறினார் என்பதை அறிந்தார் சிலரே.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் தாமோதரக் கணக்கப்பிள்ளை இராமாயணத்தில் வல்லவர். முதலிற் பாடஞ் சொன்னவர் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடத்தே இலக்கண இலக்கியங்களைப் பயின்று, இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் எளிதிற் பாடவல்லவராயினார். ஆயினும் பாட்டு அடுப்பை எரிக்குமா? தூத்துக்குடி உப்பளத் தொழிலிலே கணக்கர் வேலை கிடைத்தது. மாதந் தவறாத ஊதியமும் ஊரார் மதிப்பும் உடைய வேலை அது.

1891-இல், தமது இருபத்து நான்காம் அகவையில், அதனைத் துறந்து நாடகத்திற் சேர்ந்தார். அந்நாளில் இச்செயலின் பொருள் யாது? 'கூத்தாடி' என்னுஞ் சொல் வசையாய் வழங்கிய காலம் அது. நாடகக்காரனுக்குப் பெண் கொடுப்பார் அரியர். வாடகைக்கு வீடு விடுவாரும் அரியர். இராமாயணங் கற்ற குடும்பத்துப் பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசுவதென்றால் சுற்றத்தார் நாணினர் என்பதில் வியப்பில்லை. அவர்களை நாம் எளிதிற் பழித்துவிடலாகாது. தம் வீட்டு மகன் அங்ஙனம் புறப்பட்டால் வாழ்த்தி வழியனுப்புவார் இன்றும் எத்தனை பேர்?

இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோர் குழுவில் அவர் நடிகரானார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய வேடங்கள் அவர்க்கு வாய்த்தன. கம்பீரமான குரலும் தோற்றமும் உடையவராதலின் அவ்வேடங்களிற் கண்டார் நடுங்கினர். இங்கே ஒரு செய்தி வழிவழியாக வழங்குகிறது. நாடகமொன்றில் வேடமிட்டு அவர் ஆர்ப்பரித்து வந்தபோது, அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சிக் கருச்சிதைவுற்றாள். மற்றொரு நாள் வேடத்தோடே விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்றவரைக் கண்டு வண்ணாரப் பெண் ஒருத்தி அதிர்ந்து உயிர்நீத்தாள். பிறனொருவனாயின் இவற்றைத் தன் நடிப்புக்கு நற்சான்றிதழாகக் கொண்டு திரிந்திருப்பான். சுவாமிகளோ உள்ளங் கலங்கி, வேடம் புனைதலையே விட்டொழித்தார். ஊதியத்தை விட்டது முதல் துறவாயின், கைதட்டலை விட்டது இரண்டாந் துறவு. இரண்டனுள் பின்னதே அரிது.

இடையிற் காவியுடுத்துத் தலயாத்திரை மேற்கொண்டார். சுவாமிகள் என்னும் பெயர் நிலைத்தது இதனாலே. திருமணம் புரிந்துகொள்ளவில்லை. புதுக்கோட்டையிற் கஞ்சிராவுக்குப் பெருமை தேடித்தந்த மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே பாவித்து ஆதரித்தார். தாள நுட்பங்கள் அங்கே கைவந்தன. சுவாமிகளின் பாடல்களிற் சந்தம் சிறிதும் பிசகாமல் ஓடுவதன் காரணம் இப்பயிற்சியே. பிள்ளையவர்கள் வற்புறுத்தியதனால் மீண்டும் நாடகவுலகு புகுந்தார். ஆனால் இம்முறை ஆசிரியராக.

அக்கால மேடையில் ஒலிபெருக்கி இல்லை. ஆர்மோனியமும் மத்தளமும் ஒலிக்க, கடைசி வரிசையில் இருப்பவன் செவிக்கும் எட்டுமாறு நடிகனே பாடல் வேண்டும். நடிகர் பலர் குரல் வளமுடையர், வாக்கோ கட்டுக்கடங்காதது. எழுதிக்கொடுத்ததை விட்டு மனம்போனபடி பேசி எதிராளியை மடக்குவதே வெற்றியெனக் கருதினர். இதற்கு மாற்றாகவே சிறுவர்களைப் பயிற்றும் நாடக சபைகளைச் சுவாமிகள் அமைத்தார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பிற்காலத்தே அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற தி. க. சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாய் மதுரைச் சபையிற் சேர்ந்து பாடங் கேட்டார். அம்மாணவர்க்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். வசனமும் பாட்டும் அடித்தல் திருத்தலின்றி வந்தனவாம்!

பால சபைகள் குறையற்றன அல்ல. தாய்மடியில் இருக்கவேண்டிய குழந்தைகள் இரவெல்லாம் விழித்துப் பாடினர், பள்ளிக்கூடத்தை மறந்தனர். ஆசிரியரும் பாடத்திற் கண்டிப்பு மிக்கவர். எனினும் அச்சிறுவர்க்குக் கிடைத்த தமிழ், அக்காலப் பள்ளிகள் பலவற்றிலும் கிடைக்காத தமிழ்.

பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, பிரகலாதன், சிறுத்தொண்டர் என நாற்பதுக்குக் குறையாத நாடகங்கள் அவர் கையினின்றும் பிறந்தன. கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் நின்று பாடியதைக் கேட்டவர்கள் வாழ்நாளெல்லாம் அதனையே பேசினர். பாடியவர் புகழ் பரவியது. எழுதியவர்க்கு மனையில்லை, மக்களில்லை, சேமித்த பொருளும் இல்லை. கணக்கெழுதத் தெரிந்தவர் தமக்கென ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

இறுதி நாட்களிற் பக்கவாத நோய் அவரைப் பற்றியது. எத்தனையோ சிறுவர்களைப் பேசவைத்த வாய் பேச்சிழந்தது. அந்நிலையிலும் அவர் சபையோடே ஊரூராகச் சென்றார். சபை புதுச்சேரியில் தங்கியிருந்தபோது 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி, மலர் சாத்தி, அவர் பாடல்களையே பாடிச் செல்கின்றனர்.