வழிகளைப் பிரித்து வைப்போம்

ஒரு நூலகத்தின் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். நூல் பட்டியலுக்கு ஒரு முகவரி, உங்கள் கணக்குக்கு ஒரு முகவரி, முன்பதிவுக்கு இன்னொன்று. எந்த முகவரி கேட்டு வந்தால் எந்த நிரல் பதில் சொல்ல வேண்டும் என்று சர்வரில் எழுதி வைத்திருப்பார்கள். அதைத்தான் ரூட் என்கிறோம்.

2009இல் ரயன் டால் நோட் ஜேஎஸ்ஸை வெளியிட்ட பிறகு, பிரவுசரில் ஓடிய ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிலும் வேகமாகப் பரவியது. அதன்மேல் டி.ஜே. ஹோலோவேசக் எழுதிய எக்ஸ்பிரஸ் என்ற கட்டமைப்பு வந்ததும், ஏழெட்டு வரிகளில் ஒரு தளத்தை ஓடவிட முடிந்தது. தொடங்குவது அவ்வளவு எளிது என்பதால், எல்லா ரூட்டையும் ஒரே கோப்பில் அடுக்கிக்கொண்டே போகிறோம். நாளடைவில் அந்தக் கோப்பைத் தொடவே பயமாகிவிடுகிறது.

2014இல் வெளியான எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு, ரூட்டர் என்ற வசதியைத் தந்தது. நூல் தொடர்பான வழிகளுக்கு ஒரு கோப்பு, உறுப்பினர் தொடர்பானவற்றுக்கு ஒரு கோப்பு. முதன்மைக் கோப்பில் அவற்றை இணைக்க ஆளுக்கு ஒரு வரி. நூல் கோப்புக்குத் தான் எந்த முகவரியின்கீழ் நிற்கிறோம் என்பது தெரிய வேண்டியதே இல்லை. நாளைக்கு முகவரியின் முன்பகுதி மாறினால், அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

ஆனால் என்னைக் கேட்டால், பிரிப்பதன் பெரிய பலன் அழகு அல்ல, பாதுகாப்பு. நூலகரின் நிர்வாகப் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பில் எல்லாம் கலந்து கிடந்தால், வந்திருப்பவர் நூலகர்தானா என்ற சோதனையை ஒவ்வொரு ரூட்டிலும் மறக்காமல் சேர்க்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். நிர்வாகத்துக்குத் தனி ரூட்டர் இருந்தால், அந்தச் சோதனையை அதன் தொடக்கத்தில் ஒரே முறை எழுதலாம். பிறகு கீழே எழுதும் ரூட் ஒவ்வொன்றும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும்.

கீழே என்று சொன்னதைக் கவனியுங்கள். எக்ஸ்பிரஸ் மேலிருந்து வரிசையாகத்தான் பொருத்திப் பார்க்கும். சோதனைக்கு மேலே எழுதிய ரூட்டுக்குக் காவல் இல்லை. அதேபோல், நூல் எண்ணுக்கான பொதுவான ரூட்டை முதலில் வைத்து, ‘புதியவை’ என்ற ரூட்டை அடுத்து வைத்தால், ‘புதியவை’ என்ற சொல்லையே ஒரு நூலின் எண்ணாக அது எடுத்துக்கொள்ளும். வாசகருக்கு அப்படி ஒரு நூல் இல்லை என்று பதில் போகும். கோப்புகளைப் பிரித்தாலும் இந்த வரிசை விதி மாறாது. ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பகுதி எல்லா ரூட்டருக்கும் பிறகே வர வேண்டும், பிழைகளைப் பிடிக்கும் பகுதி அதற்கும் பிறகு.

இன்னொரு இடத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். உறுப்பினர் எண்ணுக்குக் கீழே முன்பதிவு ரூட்டரை இணைத்தால், அந்த எண் உள்ளே இருக்கும் ரூட்டருக்குத் தானாகத் தெரியாது. ரூட்டரை உருவாக்கும்போதே ‘மெர்ஜ் பாராம்ஸ்’ என்ற விருப்பத்தை இயக்க வேண்டும்.

நிரல் எழுதும் இளைஞர்களே, உங்கள் பெரிய கோப்பை ஒரே நாளில் உடைக்க வேண்டாம். உள்நுழைவுச் சோதனை தேவைப்படும் வழிகளை முதலில் தனி ரூட்டருக்கு மாற்றுங்கள். லாகின் செய்யாமல் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பாருங்கள். ஒன்றுகூடத் திறக்கவில்லை என்று உறுதியான பிறகு அடுத்த பகுதியைத் தொடுங்கள்.