குழப்படி

இன்று ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

ஏழாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'என் தம்பி' என்பது தலைப்பு. ஒரு மாணவன் தன் தம்பியைக் 'குழப்படிகாரன்' என்று எழுதியிருந்தான். பேச்சுவழக்கு எனச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 'குறும்புக்காரன்' என்று எழுதினேன். ஒரு புள்ளியையும் குறைத்தேன்.

கொப்பியைப் பெற்றவன் போகாமல் நின்றான். "சேர், தம்பி குறும்பு செய்யிறேல்லை. அவன் குழப்படிதான் செய்யிறவன்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால், வீடு வந்த பின்னரும் அவனுடைய மறுப்பு மனத்தை விட்டு அகலவில்லை.

குறும்பு இலக்கியத் தகுதி பெற்ற சொல்தான். எனினும் அதன் பழைய முகம் அத்தனை மழலையானதன்று. சங்க நூல்களில் அது அரணைக் குறிக்கும். திருக்குறளின் 735ஆம் பாவிலோ, அரசனை அலைக்கழிக்கும் கொலைஞர் கூட்டம் அது. பிள்ளை விளையாட்டுக்கு அச்சொல் இறங்கி வந்தது பின்னாளில். கொலைஞரைச் சுட்டிய சொல் குழந்தைக்கு ஆகுமென்றால், குழப்படி செய்த குற்றந்தான் என்ன? தமிழகத்தார் 'சேட்டை' என்பர். யாழ்ப்பாணத்தில் "என்னோடை சேட்டை விடாதை" என்றால் அது சண்டைக்கு முன்னறிவித்தல்!

குழம்பு தன்வினை, குழப்பு பிறவினை. தெளிந்து கிடப்பதைக் கலக்குவதே குழப்புதல். மா அரிக்கும் தாயின் சுளகுக்குள் கைவிடுவதும், வாசலிற் போட்ட கோலத்தைக் காலால் அழிப்பதும் வேறென்ன? 1958, 1983 ஆகிய ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'குழப்பம்' என்பார்கள். 'குழப்படி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் போலும்.

புறநானூற்றின் 188ஆம் பாடல் பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. குறுகுறுவென நடந்து வந்து, நெய்ச்சோற்றை அளைந்து மேலெல்லாம் சிதறும் பிள்ளைகளைக் காட்டுகிறான். அவர்களுக்கு அவன் தரும் அடைமொழி 'மயக்குறு' என்பது. இன்பத்தால் அறிவை மயக்குவோர் என்பது உரை. மயங்குதலுக்குக் கலத்தல் என்றும் பொருளுண்டு. திணைமயக்கம், உருபு மயக்கம் என்று வகுப்பில் நாம் படிப்பிப்பதும் அதனையே. அப்படியானால் அரசனும் தன் தெளிந்த அறிவைக் குழப்பிய பிள்ளைகளைத்தானே பாடியிருக்கிறான்? இது என் துணிபு, அறிஞர் மறுக்கக்கூடும். எங்கள் தாய்மாரின் சொல்லுக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உறவொன்று இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன். "கொப்பியைக் கொண்டு வா, புள்ளியைத் திருத்தித் தாறன்" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "அந்த ஒற்றையைத் தம்பி கிழிச்சுப்போட்டான் சேர்."

புள்ளியைப் பதிவேட்டில் மட்டும் சேர்த்துக்கொண்டேன்.