உடைந்த அச்சும் ஓர் ஆராய்ச்சிப் பாடம்!

(சேதராப்பட்டில் நடைபெற்ற இளைஞர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

தொழிற்சாலைகள் நிறைந்த சேதராப்பட்டில் நின்று பேசுகிறேன். இங்கே ஓர் இயந்திரத்தின் ஷாஃப்ட் முறிந்தால் என்ன செய்கிறோம்? புதியதை வாங்கி மாட்டுகிறோம். நேற்று வரை தாங்கிய பாரத்தை இன்று ஏன் தாங்கவில்லை என்று கேட்பவர் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்கு விடை தேடும் துறைதான் இயக்கவியல். கல்லூரியில் மெக்கானிக்ஸ் என்கிறீர்களே, அதுதான்.

1842-ல் பிரான்சின் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பின்னர் ஜெர்மனியின் ரயில்வே பொறியாளர் வோலர், அச்சுகளை ஓயாமல் சுழற்றிச் சோதித்தார். ஒருமுறை எளிதில் தாங்கும் பாரத்தை இலட்சக்கணக்கான முறை மாறி மாறி ஏற்றினால் இரும்பும் களைத்து விரிசல் விடும் என்று காட்டினார். இன்று விமானமும் பாலமும் அந்தக் கணக்கைப் பார்த்தே கட்டப்படுகின்றன.

இது நமக்கு அந்நியமான துறையா? 1206-ல் அல்-ஜஸரி எழுதிய இயந்திர நூலில், சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றி நீர் இறைக்கும் பம்பு இருக்கிறது. அந்த வாரிசுகள் பட்டத்தோடு படிப்பை நிறுத்திவிடலாமா? வளைகுடா வருமானத்தை நான் குறை கூறவில்லை. நம் பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அதனால்தான். ஆனால் எல்லோருக்கும் அது ஒன்றே வழி என்று ஆகிவிடக் கூடாது.

வாசல்கள் எங்கே?

முதல் வாசல் 'கேட்' தேர்வு. மூன்றாம் ஆண்டு மாணவரே எழுதலாம். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். அதன் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. என்றால், 2023-ல் உயர்த்தப்பட்டபடி முதல் இரண்டாண்டு மாதம் 37,000, அதன்பின் 42,000. நல்ல மதிப்பெண் உள்ளவர் எம்.டெக். படிக்காமலே நேரடியாகப் பிஎச்.டி. சேரவும் வழியுண்டு. தேர்வுக்குத் தயாராக, ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசம்.

ஆய்வுக்கூடங்களும் தொலைவில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் எலும்பு மூட்டும் இரத்த ஓட்டமும்கூட இயக்கவியல் ஆய்வுதான். தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பாலங்களையும் கோபுரங்களையும் சோதிக்கிறார்கள். கல்பாக்கத்தில் கடும் வெப்பம் தாங்கும் உலோகங்களை ஆராய்கிறார்கள். அருகிலேயே, 2020-ல் பல்கலைக்கழகமான புதுவைப் பொறியியல் கல்லூரி இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

சச்சார் அறிக்கைக்குப் பின், 2009-ல் சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்காக மௌலானா ஆசாத் உதவித்தொகை வந்தது. மற்ற திட்டங்களோடு ஒத்திருக்கிறது என்று காரணம் கூறி, 2022-ல் மத்திய அரசு அதை நிறுத்தியது. மீண்டும் கொண்டுவரக் கோருவோம். அது நம் உரிமை! ஆனால் கோரிக்கை நிறைவேறும்வரை பிள்ளைகளின் வயது காத்திருக்குமா?

வணிகப் பெருமக்களே! உதவித்தொகை வருவது இடம் கிடைத்த பிறகுதான். அதற்கு முந்திய அந்த ஓராண்டில்தான் குடும்பக் கஷ்டத்தால் நம் பிள்ளைகள் வேலைக்கு ஓடுகிறார்கள். அந்த ஓராண்டைத் தாங்குங்கள்! வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுங்கள். ஜகாத்தில் ஏழை மாணவருக்குள்ள பங்கை உலமாக்களிடம் கேட்டு வழங்குங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவரை, ஒரு மாணவியைப் பொறுப்பேற்றால் போதும்.

இராமேசுவரத்து அப்துல் கலாமுக்கு எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது கட்டப் பணமில்லை. சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். 1980-ல் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 விண்ணில் ரோகிணியை நிறுத்தியது. ஒரு சகோதரியால் அவ்வளவு முடிந்தது என்றால், ஒரு சமுதாயத்தால் எவ்வளவு முடியும்!

வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.