பால் நிறுவையும் கணினிக் கணக்கும்

ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களுக்கு, ஸ்டோரில் பால் நிறுத்த நேரம் மறக்காது. கிராணியார் சொல்லும் எடையைக் காதில் வாங்கிக்கொண்டுதான் நகர்வார்கள். செக்ரோலில் ஓர் எண் தவறினால் கூலியில் துண்டு விழும்.

அந்தக் கணக்கு இப்போது கணினிக்குப் போகிறது. தோட்டத்தில் செம்பனைக் குலைகள் கைப்பேசியில் பதிவாகின்றன. தையல் ஆலைகளில் துணிக்கட்டின் பட்டைக்கோட்டை வைத்து, யார் எத்தனை தைத்தார் என்று கணக்கிடுகிறார்கள். தொழிலாளியின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான்.

புத்தகத்தில் திருத்தினால் மை காட்டிக்கொடுக்கும். கணினியில், திருத்தியவர் பெயரும் நேரமும் பதியும்படி அமைத்திருந்தால்தான் தெரியும். எல்லாரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் அதுவும் வீண். வேறிடத்தில் நகல் இல்லாவிட்டால் ஒரு வைரஸ் போதும், மாதக் கணக்கே அழிந்துவிடும்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. தம்மைப் பற்றிய பதிவைக் கேட்டுப் பார்க்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் அது உரிமை தருகிறது. பெரும் பாதிப்பு தரும் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் கட்டாயம்.

அன்று காதால் கேட்டு உறுதி செய்த எடையை இன்று கண்ணால் பார்க்கக் கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். அது உங்கள் கூலி.