தேவை முன்னே, தேர்வு பின்னே

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் நாம், ‘கிளவுட்’ எனப்படும் மேகக் கணிமையைப் பற்றிப் பேச முற்பட்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஹிஞ்சவடியில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதன் நுட்பத்தை நம்மினும் நன்கு அறிவர். ஆனால், ஔந்திலே சிறுதொழில் நடத்தும் நம் குடும்பங்களும் உள. கணக்கையும் வாடிக்கையாளர் விவரத்தையும் எந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்னும் கேள்வி இன்று அவர்கள் வாயிற்படியில் வந்து நிற்கிறது. ஊரில் நிலத்தையும் தோப்பையும் விட்டு வந்தவர்க்கு இங்கே முதல் என்பது வாடிக்கையாளரின் நம்பிக்கை ஒன்றே. ஆதலின், இதனைக் கணக்குப் பார்ப்பவன் கண்கொண்டு ஆராய்வோம்.

மேகம் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. பிறர் கட்டிய கட்டடத்திலுள்ள கணினியை நாம் வாடகைக்குப் பயன்படுத்துகிறோம், அவ்வளவே. அக்கட்டடம் தொலைவிலும் இல்லை. 2015 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று நகர்களில் தரவு மையங்களைத் திறந்தது. 2016-இல் அமேசானும், 2017-இல் கூகுளும் மும்பையில் தொடங்கின. ஆகவே கடைகள் பல. எதை நாடுவது?

பெயர் பெற்றதை நாடுவோம் என்பர் சிலர்; மலிவானதை நாடுவோம் என்பர் வேறு சிலர். இரு சாராரும் கடையிலிருந்து தொடங்குகின்றனர். வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நம் கருத்து. தேவையை எழுதிக்கொண்டு புறப்படுபவனே அளவோடு வாங்கித் திரும்புவான். எழுத வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, வேலை ஒரே சீராக நடக்கிறதா, ஏறி இறங்குகிறதா? தட்கல் முன்பதிவை நீங்கள் அறிவீர்கள். குளிர்பதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனையவற்றிற்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அச்சில நிமிடங்களில் நாடே ஒரு வாயிலில் நெருங்கி நிற்கிறது. பிற்பகலில் நெரிசல் தணிகிறது. இவ்வாறு ஏறி இறங்கும் தொழிலுக்கு, வேண்டும்போது பெருக்கவும் வேண்டாதபோது சுருக்கவும் வல்ல மேகக் கணிமை நன்கு பொருந்தும். தீபாவளிக்குச் சிறப்பு ரயில் விடுவதைப் போன்றது அது. வேலை சீரானதாயின் கணக்கு வேறு. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம், தன் வேலை சீரானது, சொந்தக் கணினியே சிக்கனம் என்று கண்டு, மேகத்தை விட்டு விலகப்போவதாக 2022-இல் அறிவித்தது.

இரண்டாவது, எத்தனை நேரம் தடைப்பட்டால் நம் தொழில் தாங்கும்? 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வட வர்ஜீனியா மையங்களில் நேர்ந்த கோளாறினால் உலகெங்கும் பல சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. பெரிய பெயரும் தடைக்கு விலக்கன்று.

மூன்றாவது, நம் தரவின் மறுபடி எங்கே இருக்கிறது? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டனர். வையாதோர் பலர் தரவை அடியோடு இழந்தனர். மறுபடி தானே எடுக்கப்படுகிறதா, தனிக்கட்டணம் உண்டா என்று முன்னரே கேட்டல் வேண்டும்.

நான்காவது, வெளியேற என்ன செலவு? தரவை உள்ளே அனுப்பப் பெரும்பாலும் கட்டணம் இல்லை; வெளியே எடுக்கும்போது, குறிப்பிட்ட அளவுக்கு மேல், கட்டணம் உண்டு. முற்றிலும் விலகிச் செல்வோருக்கு அக்கட்டணத்தைத் தவிர்ப்பதாகக் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் 2024-இல் அறிவித்தன. அன்றாடப் போக்குவரத்துக்கு அச்சலுகை இல்லை. மற்றொன்றும் நினைவிற் கொள்க. வேகனை உரிய நேரத்தில் காலி செய்யாத வணிகர் டெமரேஜ் கட்டுகிறார். அதுபோல், வேலையின்றி ஓடிக்கொண்டிருக்கும் வாடகைக் கணினிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இக்கேள்விகளை ஒரு குடும்பத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். நூறு வீடுகளுக்கு மதிய உணவு அனுப்பும் அம்மையார் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவர் வேலை சிறியது, சீரானது. காலையில் ஒரு மணி நேரம் தடைப்பட்டாலும் தொலைபேசியில் கேட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பாக்கிக் கணக்கு அழிந்தால் மாத வருவாயே போயிற்று. அவருக்கு வேண்டியது பேராற்றல் படைத்த கணினி அன்று. மாதக் கட்டணம் முன்கூட்டியே தெரிந்த சிறிய சேவையும், நாள்தோறும் வீட்டிலேயே எடுத்து வைக்கும் ஒரு மறுபடியுமே. திருவிழா நாளில் மட்டும் ஆயிரக்கணக்கானோர்க்கு நுழைவுச்சீட்டு விற்கும் இளைஞருக்கோ விடை முற்றிலும் வேறு. ஒருவருக்கு ஏற்ற சேவை மற்றவருக்குச் சுமை. விரலுக்குத் தக்க வீக்கம் என்றனர் நம் முன்னோர்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு நீங்கள் நாள்தோறும் கூறும் ஆலோசனையில் ஒரு மணி நேரத்தை நம் குடியிருப்பின் சிறுவணிகர்க்கும் ஈந்திடுக. எந்த நிறுவனம் சிறந்தது என்று அவர்களிடம் சொல்லத் தொடங்காதீர். இந்நான்கு கேள்விகளையும் கேட்டு, அவர்கள் கூறும் விடைகளை ஒரு தாளில் எழுதித் தருக. அத்தாளைக் கையில் வைத்திருப்பவரை எந்த விற்பனையாளரும் எளிதில் ஏய்த்துவிட முடியாது.